பழுது முள்ளிலா, சொல்லிலா?

மாட்டுவண்டி ஓடிய காலத்தில் தமிழ்நாட்டுத் தச்சருக்கும் வண்டிக்காரருக்கும் இடையே மொழித்தடை என்று ஒன்று இருந்ததில்லை. குடம், ஆரக்கால், வட்டை, இருசு, கடையாணி, நுகம், ஏர்க்கால் என வண்டியின் உறுப்புகள் யாவும் தமிழ்ப் பெயர் தாங்கி நின்றன. "குடத்தில் மசகு வற்றி இருசு தேய்கிறது" என்று வண்டிக்காரர் ஒரு தொடர் சொன்னால் போதும். பழுது எங்கே உள்ளது, எதனால் வந்தது, செய்யத்தக்கது யாது என்னும் மூன்றும் அவ்வொரு தொடரிலேயே அடங்கிவிடும். தச்சர் எழுத்தறியாதவராய் இருந்திருக்கலாம். ஆயினும் தம் தொழிலின் சொற்களில் ஒன்றேனும் அவருக்குப் பொருள் விளங்காத சொல்லாய் இருந்ததில்லை.

அவ்வண்டி நின்ற கொட்டகையில் இன்று உழவுந்து நிற்கின்றது. ஊரார் அதனை டிராக்டர் என்பர். அதன் முகப்பில் வட்டமான கண்ணாடிக்குள் முள்ளொன்று ஆடுகின்றது. எந்திரம் ஒரு மணித்துளிக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகின்றது என்பதைக் காட்டுவது அம்முள். அது கெட்டுவிட்டால் உழவர் பட்டறைக்குச் சென்று, "ஆர்.பி.எம். மீட்டர் வேலை செய்யவில்லை" என்கிறார். இத்தொடரில் பழுதின் இடமும் இல்லை, கரணியமும் இல்லை, மருந்தும் இல்லை. சொன்னவருக்கு ஆர்.பி.எம். என்னும் மூன்றெழுத்தின் விரிவு தெரியாது. கேட்டவருக்கும் பெரும்பாலும் தெரியாது. முடிவு யாது? "மீட்டர் போய்விட்டது, புதிது போடவேண்டும்" என்னும் தீர்ப்பு. இரண்டு சொட்டு மசகில் தீர்ந்திருக்க வேண்டிய நோய்க்கு உழவரின் பணப்பை அறுக்கப்படுகின்றது.

மொழித் தூய்மை என்பது மேடைப்பேச்சுக்கு மட்டும் உரிய அணிகலன் என்று நினைப்போர்க்கு இஃதொரு விடை. தமிழ்ச்சொல் இல்லாமையால் வரும் இழப்பு, மானத்தைச் சார்ந்தது மட்டுமன்று, காசைச் சார்ந்ததுமாகும்.

வடகரையில் இம்முள்ளின் வேலை

தென்காசி மாவட்டத்தில், மேற்குமலைத் தொடரின் அடியில், அனுமன் ஆறு பாயும் நிலப்பகுதியில் உள்ள ஊர் வடகரை. மேற்கே மேக்கரையில் அடவிநயினார் அணை. சுற்றிலும் அச்சன்புதூர், பண்பொழி, செங்கோட்டை ஆகிய ஊர்கள். நெல்லும் தென்னையும் மாவும் விளையும் மண். கார், பிசானம் என்னும் இரு நெற்பருவங்களுக்கும் உழவுந்து ஓடுகின்றது. சேற்றைக் கலக்கும் சுழற்கலப்பையும், கதிரடிக்கும் எந்திரமும் உழவுந்தின் பின்புறத்துச் சுழல்தண்டிலிருந்தே விசை பெறுகின்றன.

அச்சுழல்தண்டு மணித்துளிக்கு 540 சுற்றுச் சுற்றவேண்டும் என்பது உலகெங்கும் நிலைபெற்ற அளவு. எந்திரம் எந்த விரைவில் ஓடினால் பின்தண்டு 540 சுற்றும் என்பது வண்டிக்கு வண்டி மாறுபடும். அதனால்தான் முகப்புக் கண்ணாடியிலேயே அவ்விடத்தில் ஒரு குறியிட்டு வைத்திருப்பர். முள் அக்குறியில் நிற்குமாறு ஓட்டுவதே ஓட்டுநரின் கடமை. அடிக்கும் உருளை அளவுக்கு மீறிச் சுழன்றால் நெல்மணி உடையும். குறைந்து சுழன்றால் மணி வைக்கோலிலேயே தங்கிவிடும். இரண்டும் உழவருக்கே இழப்பு.

இன்னொன்றும் உண்டு. முள்ளுக்குக் கீழே எண்கள் வரிசையாக உருளும் சிறு சாளரம் இருக்கும். எந்திரம் எத்தனை மணி நேரம் ஓடிற்று என்பதை அது காட்டும் என்பர். எந்திர எண்ணெயை மாற்றுவதும், வடிகட்டியை மாற்றுவதும் அவ்வெண்ணை நோக்கியே. பலவகை உழவுந்துகளில் 250 மணிக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றவேண்டும். கருவி நின்றுவிட்டால் கணக்கும் நின்றுவிடும். கணக்கு நின்றால் எண்ணெய் மாற்றுவது மறதிக்குப் போகும். எண்ணெய் கெட்டால் எந்திரமே தேயும். சிறியதொரு முள் நின்றதனால் பெரியதொரு நெஞ்சு நிற்கின்றது.

பழைய வண்டிகளில் இவ்வெண் வரிசை கடிகாரம் அன்று என்பதை எத்துணைப் பேர் அறிவர்? அது சுற்றுகளையே எண்ணுகின்றது. எடுத்துக்காட்டாக, மணித்துளிக்கு 1500 சுற்று என்னும் விரைவுக்கு அமைக்கப்பட்ட கருவி, எந்திரம் அவ்விரைவில் ஓடும்போதுதான் ஒரு மணியை ஒரு மணியாகக் காட்டும். 750 சுற்றில் சும்மா ஓடவிட்டால், கைக்கடிகாரத்தில் ஒரு மணி கடந்திருக்க, கருவியில் அரைமணியே ஏறியிருக்கும். 2000 சுற்றில் ஓட்டினாலோ, ஒரு மணிக்குள் 80 மணித்துளி ஏறிவிடும். உழவுந்தை மணிக்கணக்கில் கூலிக்கு அமர்த்தும் ஊர்களில், "மீட்டர் கூடக் காட்டுகிறது" என்று வயலின் உரிமையாளரும், "மீட்டர் பொய் சொல்லாது" என்று வண்டியின் உரிமையாளரும் வரப்பில் நின்று பூசலிடுவதற்கு இடம் தருவது இதுவே. இருவர் சொல்வதும் மெய். 'அவர் மீட்டர்' என்னும் பெயர்தான் பொய். அதற்குச் 'சுற்றெண்ணி' என்று பெயரிருந்திருப்பின் பூசலுக்கே இடமில்லை. எண்ணுவது சுற்றை, நேரத்தை அன்று என்பதை அப்பெயரே சொல்லியிருக்கும்.

பிறமொழியாளர் செய்தது யாது?

டேக்கோமீட்டர் என்னும் சொல் ஆங்கிலமும் அன்று. விரைவு எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லும், அளவு எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லும் சேர்ந்தது. கிரேக்கம் அறிந்தவர்க்கு அது விளக்கம். அறியாதவர்க்கு அது வெறும் ஒலி. சுழற்சியை அளக்கும் இவ்வகைக் கருவியை 1817ஆம் ஆண்டு அமைத்தவர் செருமானியப் பொறியாளர் டீட்ரிச்சு உல்கார்ன். அச்செருமானியர் தம் ஊர்தியில் இதனை எவ்வாறு அழைக்கின்றனர்? 'திரேச்சால்மெசர்' என்கின்றனர், சுழல் எண்ணை அளப்பது என்பது அதன் நேர்ப்பொருள். இதில் வியப்பு என்னவென்றால், 'டாகோமீட்டர்' என்று செருமானியரிடம் சொன்னால் வண்டி ஓடும் விரைவைக் காட்டும் வேறொரு கருவியையே அவர் சுட்டுவார். ஆங்கிலேயர் ஒன்றுக்கும் செருமானியர் மற்றொன்றுக்கும் ஒரே கிரேக்கச் சொல்லை வழங்குகின்றனர் என்றால், அச்சொல்லுக்கு உலகப் பொதுமை எங்கே இருக்கின்றது? 'உலகமெல்லாம் வழங்கும் சொல்லைத் தமிழன் ஏன் மாற்றவேண்டும்?' என்று கேட்போர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பிரெஞ்சியர் இதனைச் 'சுற்றெண்ணி' என்னும் பொருள்படத் தம் மொழியில் அழைக்கின்றனர். இத்தாலியரும் அவ்வாறே. சப்பானியர் சுழற்சி என்னும் சொல்லோடு அளவி என்னும் சொல்லைச் சேர்த்துக் 'கைத்தென்கெய்' என்கின்றனர். சீனர் 'சுழல்விரைவுகாட்டி' என்னும் பொருள்தரும் சொல்லை வழங்குகின்றனர். ஆங்கிலேயரின் பட்டறையிலுங்கூடக் கிரேக்கச் சொல்லை ஒதுக்கிவிட்டுச் 'சுற்றெண்ணி' என்னும் பொருள்படும் எளிய பெயரால் அழைப்பதே பெருவழக்கு. உலகில் உந்து செய்து விற்கும் நாடுகளெல்லாம் தத்தம் மொழியில் இதற்குப் பெயரிட்டிருக்க, அவற்றை வாங்கி ஓட்டும் தமிழன் மட்டும் கிரேக்கத்தை ஆங்கிலத்தின் வழியே அரைகுறையாய் ஒலித்துக்கொண்டிருப்பது எத்தகைய பெருமை?

தோற்றம், வழி, காட்சி

பழுது பார்த்தல் என்பது மாயமன்று, முறையான எண்ணமே. எவ்வகைச் சுழல்மானியாயினும் மூன்று இடங்களை உடையது. சுழற்சி தோன்றும் இடம் ஒன்று. அது செல்லும் வழி ஒன்று. அதனைக் காட்டும் இடம் ஒன்று. பழுது இம்மூன்றனுள் ஒன்றில்தான் இருக்கமுடியும். எழுத்தொலி உந்தியிலிருந்து எழும் காற்றாய்த் தோன்றி, நெஞ்சும் மிடறும் தலையும் வழியாக வந்து, பல்லும் இதழும் நாவும் மூக்கும் அண்ணமும் உற்று வெவ்வேறாய் வெளிப்படுகின்றது என்று தொல்காப்பியப் பிறப்பியல் வகுத்துக் காட்டும். ஒலி பிழைபட்டால் எந்த இடத்தில் பிழைபட்டது என்று தேடும் முறை தமிழனுக்குப் புதிதன்று. அதே முறை இங்கும் பொருந்தும்.

பழைய வண்டிகளில் சுழற்சி ஒரு வடத்தின் வழியே வருகின்றது. கேபிள் என்று வழங்கும் அதனைச் சுழல்வடம் எனலாம். அதன் ஒருமுனை எந்திரத்தில் ஒரு சிறு பல்லுருளியோடு பூட்டப்பட்டிருக்கும். சிலவகை வண்டிகளில் மின்னாக்கியின் பின்முனையோடு பூட்டப்பட்டிருக்கும். மறுமுனை முகப்புக் கருவிக்குள் ஒரு காந்தத்தைச் சுழற்றும். காந்தத்தைச் சூழ அலுமினியக் கிண்ணம் ஒன்று உண்டு. காந்தம் கிண்ணத்தைத் தொடுவதில்லை. ஆயினும் அதன் சுழற்சி கிண்ணத்தில் மின்சுழிகளை உண்டாக்கி அதனையும் தன்னோடு இழுக்கும். மெல்லிய சுருள்வில் ஒன்று கிண்ணத்தைத் தடுத்து நிறுத்தும். இழுப்பும் தடுப்பும் ஒத்த இடத்தில் முள் நிற்கும். விரைவு கூடினால் இழுப்புக் கூடும், முள் ஏறும்.

இவ்வளவு விளங்கிவிட்டால் பழுது தானே வெளிப்படும். முள் அறவே அசையவில்லையா? கருவியின் பின்புறத்து மரையைக் கழற்றிச் சுழல்வடத்தை வெளியே எடுத்து, எந்திரத்தைச் சும்மா ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். உறைக்குள் வடம் சுழன்றால் தோற்றமும் வழியும் நலம், பழுது காட்டுமிடத்தில். சுழலவில்லையெனில் எந்திரத்தை நிறுத்தி வடத்தை உருவிப் பார்க்க வேண்டும். அறுந்திருந்தாலும், அதன் சதுர முனை தேய்ந்து வட்டமாகியிருந்தாலும் பழுது வழியில். வடம் முழுமையாய் இருந்தும் சுழலவில்லையெனில் பழுது தோன்றுமிடத்துப் பல்லுருளியில். ஒரு மரையைக் கழற்றிய அளவில் மூன்று இடங்களுள் இரண்டு விலக்கப்பட்டுவிடுகின்றன.

முள் நடுங்கி ஆடுகின்றதா? பெரும்பாலும் வடத்தில் மசகு வற்றியிருக்கும். அன்றி எங்கேனும் இறுக வளைந்து திக்கிக்கொண்டிருக்கும். குற்றாலச் சாரல் வீசும் ஆனி, ஆடித் திங்களில் வடகரைப் பக்கத்துக் கொட்டகைகளில் ஈரம் நிற்கும். வேலையின்றிக் கிடக்கும் வண்டியின் சுழல்வடத்தில் துருப் பிடிக்கும். வடத்தை உருவித் துடைத்து, கீழ்ப்பகுதிக்கு மட்டும் மெல்லியதாக மசகிட்டு, கருவியை ஒட்டிய ஒரு சாண் நீளத்தை உலர்வாகவே விட்டுப் பூட்டவேண்டும். ஏன் அவ்வாறு? வடம் சுழலும்போது மசகு திருகுபோல் மேலேறும். கருவிக்குள் புகுந்தால் காந்தத்தையும் கிண்ணத்தையும் ஒட்டவைத்துவிடும். முள் ஒரேயடியாய்க் கடைசி எண்ணுக்குத் தாவும். மிகுதியாக மசகிட்டு நன்மை செய்வதாய் நினைத்துக் கருவியைக் கெடுத்தோர் பலர். எந்திரம் நின்ற பின்னும் முள் சுழிக்குத் திரும்பவில்லையெனில், சுருள்வில் தளர்ந்தது அல்லது சிக்கியது என்க.

சற்றுப் பிற்பட்ட வண்டிகளில் வடத்திற்கு மாறாக மின்கம்பி வரும். பெட்ரோல் எந்திரத்தில் தீப்பொறிச் சுருளிலிருந்து துடிப்புகள் வருகின்றன. நான்கு உருளை உடைய நான்கடி எந்திரம் ஒரு சுற்றுக்கு இரண்டு தீப்பொறி தரும். 1500 சுற்றுக்கு மணித்துளியில் 3000 துடிப்பு. ஆறு உருளைக்கு அமைத்த கருவியை நான்கு உருளை வண்டியில் பொருத்தினால், 1500 சுற்றை 1000 என்றே காட்டும். கருவியும் நலம், கம்பியும் நலம், பொருத்தம்தான் தவறு. டீசல் எந்திரத்தில் தீப்பொறி இல்லை. ஆகவே மின்னாக்கியிலிருந்து துடிப்பு எடுப்பர். அதனைச் சுழற்றும் வார் தளர்ந்து வழுக்கினால் எந்திரம் விரைந்து ஓட, முள் மட்டும் தாழ்ந்து நிற்கும். இவ்வகையிலும் தேடுமுறை அதுவே: துடிப்புத் தோன்றுகின்றதா, வந்து சேருகின்றதா, வந்ததைக் கருவி காட்டுகின்றதா?

கருவி காட்டும் எண் மெய்யா என்று அறிய விலையுயர்ந்த வேறொரு கருவி வேண்டியதில்லை. சோக்கு உடைய பழைய குழல்விளக்கு ஒன்று போதும். 50 அலைவு மின்னோட்டத்தில் அவ்விளக்கு நொடிக்கு 100 முறை மங்கி மங்கி எரியும். எந்திரத்தின் முன் உருளியில் சமவிடைவெளியில் நான்கு சுண்ணக்கோடு இட்டு, இரவில் அவ்விளக்கின் ஒளியில் பார்த்தால், எந்திரம் சரியாக 1500 சுற்றில் ஓடும்போது நான்கு கோடுகளும் அசையாது நிற்பதுபோல் தோன்றும். ஏனெனில் ஒரு மினுக்கலுக்கும் அடுத்ததற்கும் இடையில் உருளி கால்சுற்றுத் திரும்பியிருக்கும். அவ்வேளையில் முள் 1500இல் நிற்கின்றதா என்று பார்ப்பதே சோதனை. நிற்பதுபோல் தோன்றுவது உண்மையில் சுழல்கின்றது என்பதை மறந்து கையையோ வேட்டி நுனியையோ அருகே கொண்டுசெல்லுதல் கூடாது.

இவ்வளவும் தமிழில் சொல்லப்பட்டது. படிப்பவர் எந்த இடத்திலேனும் இடறியிருப்பாரா? இடறியிருந்தால் அது கருத்தின் கடுமையால் இருக்குமேயன்றி மொழியின் குறையால் இராது.

'எர்த்து' என்னும் ஒரு சான்று

மின்வகைச் சுழல்மானி கெடுவதற்குப் பெரும் கரணியங்களுள் ஒன்று, பட்டறையார் 'எர்த்து' என்று சொல்லும் இணைப்புக் கெடுதல். அச்சொல்லின் பொருள் நிலம். வீட்டு மின்னிணைப்பில் கம்பி உண்மையிலேயே நிலத்துள் புதைக்கப்படுகின்றது. ஆங்கே அப்பெயர் பொருந்தும். உழவுந்தோ நான்கு உருள்பட்டைகளின் மேல் நிற்பது. அதன் மின்கலத்து ஒருமுனை நிலத்தோடு இணைக்கப்படவில்லை. வண்டியின் இரும்புடலோடு இணைக்கப்பட்டிருக்கின்றது. மின்னோட்டம் கம்பி வழியே சென்று உடல் வழியே திரும்புகின்றது. 'எர்த்து' என்னும் சொல்லை மட்டும் கற்ற இளைஞருக்கு இது விளங்குவதில்லை. கம்பியைப் பூசிய வண்ணத்தின் மேலேயே திருகிவிட்டு, "எர்த்துக் கொடுத்தாயிற்று" என்கிறார். வண்ணம் மின்னைக் கடத்தாது, முள் அசையாது, கருவியின் மேல் பழி.

அதனை 'உடலிணைப்பு' என்று அழைத்துப் பாருங்கள். இணைப்பு உடலோடு நிகழவேண்டும், ஆகவே வண்ணத்தையும் துருவையும் சுரண்டி இரும்பு தெரியத் திருகவேண்டும் என்பதை அச்சொல்லே கற்பித்துவிடும். இங்கே தமிழ்ப்பற்றாளரும் ஒரு பாடம் பெறவேண்டும். ஆங்கிலச் சொல்லை முன்னால் வைத்துக்கொண்டு 'நிலத்தொடர்பு' என்றோ 'புவியிணைப்பு' என்றோ மொழிபெயர்த்திருந்தால், ஆங்கிலத்தின் குறை அப்படியே தமிழுக்கும் வந்து சேர்ந்திருக்கும். சொல் பிறக்கவேண்டிய இடம் அகரமுதலி அன்று, பொருளே. கருவியைப் பார்த்துப் பெயரிடுவது ஆக்கம். வேற்றுச்சொல்லைப் பார்த்துப் பெயரிடுவது நிழலுக்குச் சட்டை தைப்பது.

சுழல்மானி என்னும் சொல்லையும் அவ்வாறே ஆய்ந்து கொள்ளவேண்டும். 'சுற்றளவி' என்றால் சுற்றளவை அளப்பது என்று மயங்கும். 'விரைவுமானி' என்றால் வண்டி ஓடும் விரைவோடு குழம்பும். 'சுழல்விரைவுமானி' முழுமையானது, ஆனால் பட்டறையின் வாய்க்கு நீளம். 'சுழல்மானி' குறுகியது, தெளிவானது. மா என்பது தமிழில் நில அளவும் ஆகும், இருபதில் ஒன்று என்னும் எண்ணளவும் ஆகும். அவ்வடியிலிருந்தே மானியைக் கொள்வர். அளவி என்றே வழங்க விரும்புவோர் 'சுழலளவி' எனலாம். முள் காட்டுவது சுழல்மானி. எண் உருள்வது சுற்றெண்ணி. இவ்விரு சொல்லும் வேறுபட்டு நிற்பதனாலேயே ஒரு கண்ணாடிக்குள் இருவேறு கருவிகள் உள்ளன என்பது புலனாகின்றது.

இருவகை மறுப்பு

"பட்டறைக்காரர் இச்சொற்கள் ஒன்றும் அறியாமலே காலங்காலமாகச் சீர்செய்து வருகின்றாரே" என்பது ஒரு மறுப்பு. மெய்தான், தமிழ்ப் பட்டறையாளரின் கைத்திறனுக்கு எவரும் குறைகூற முடியாது. ஆனால் கையறிவு கண்ட வண்டியோடு நின்றுவிடும். வடம் போய்க் கம்பி வந்தபோது வடத்தில் வல்லவர் பலர் கைவிட்டனர். கம்பியும் போய் நுண்மின்சில் வந்தபோது கம்பியில் வல்லவரும் கைவிட்டனர். தோற்றம், வழி, காட்சி என்னும் மூன்றும் எல்லாவற்றுக்கும் பொது என்பதைச் சொல்லில் வைத்துக் கற்றிருந்தால், வண்டி மாறினாலும் அறிவு மாறியிருக்காது. கை கற்றது கையோடு போகும். சொல் கற்றது மகனுக்கும் மாணவனுக்கும் போய்ச் சேரும்.

"சுழல்வடம் என்று கேட்டால் கடைக்காரர் கொடுப்பாரா?" என்பது மற்றொரு மறுப்பு. இன்று கேபிள் என்று கேட்டு வாங்குக. அதனால் வானம் இடிந்து விழாது. ஆனால் வாங்கிவந்ததை மாணவனுக்குக் காட்டும்போது சுழல்வடம் என்று சொல்லிக் காட்டுக. பேருந்து என்னும் சொல்லும் ஒருநாள் நகைப்புக்குரியதாகத்தான் இருந்தது. இன்று பேருந்து நிலையம் இல்லாத ஊரில்லை. மிதிவண்டியும் தொடர்வண்டியும் அவ்வாறே நிலைபெற்றன. சுழற்கலப்பை என்னும் சொல் வேளாண்மைத் துறையின் அறிக்கைகளிலேயே வழங்குகின்றது. நகைத்தவர் மறைந்தனர், சொல் நின்றது.

நெல்லைச் சீமைக்கு இப்பணி புதிதன்று. 1934ஆம் ஆண்டு நெல்லையில் தோன்றிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம், பள்ளிப் பாடங்களைத் தமிழில் கற்பிக்கும் பொருட்டுக் கலைச்சொற்களைத் தொகுத்து 1938இல் நூலாக வெளியிட்டது. சொல்லாய்வின் மலையாகிய மொழிஞாயிறு பாவாணர் 1902ஆம் ஆண்டு பிறந்த சங்கரன்கோவில், வடகரை அடங்கிய இதே தென்காசி மாவட்டத்தில்தான் உள்ளது. செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்துக்கு 1974இல் இயக்குநராக அமர்ந்து, 1981இல் மறையும்வரை அவர் உழைத்தார். கடல் கடந்த ஈழத்திலோ, அமெரிக்கராகிய மருத்துவர் சாமுவேல் கிரீன் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 1860களிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து, அதற்கான நூல்களையும் தமிழில் ஆக்கினார். அயலார் ஒருவர்க்கு மாந்த உடலின் நரம்பையும் எலும்பையும் தமிழில் சொல்ல முடிந்தது. தமிழர்க்கு ஓர் உழவுந்தின் வடத்தையும் வில்லையும் தமிழில் சொல்ல முடியாதா?

ஆயினும் ஒன்றை மறைக்கலாகாது. சொல்லாக்கப் பணி வகுப்பறையோடும் அகரமுதலியோடும் பெரிதும் நின்றுவிட்டது. பட்டறை வாயிலை அது போதிய அளவு மிதிக்கவில்லை. மேல்நிலையில் கற்பிக்க முனைந்தோரும் கீழ்நிலையை மறந்தனர். அண்ணா பல்கலைக்கழகம் 2010ஆம் ஆண்டு எந்திரவியலையும் கட்டுமானவியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. 2023இல் அவற்றை உறுப்புக் கல்லூரிகளில் நிறுத்திவைக்கப் போவதாக அறிவிப்பு வந்து, எதிர்ப்பு எழுந்தபின் திரும்பப் பெறப்பட்டது. வேர் பட்டறையில் இல்லாத மரம் பல்கலைக்கழகத்தில் எவ்வாறு நிழல்தரும்? பட்டறையில் தமிழ் வழங்கினால் தொழிற்பயிற்சி நிலையத்தில் வழங்கும். ஆங்கு வழங்கினால் கல்லூரிக்கும் ஏறும். நீர் மேலிருந்து கீழ்நோக்கி ஓடும்; மொழியோ கீழிருந்து மேல்நோக்கி வளரும்.

ஆகவே தமிழ்ப்பற்றுடையார் செய்யத்தக்கது பெரிதன்று. ஊருக்கு ஒரு பட்டறை. பட்டறைக்கு ஒரு தாள். அத்தாளில் ஒரு கருவியின் படம்; அதன் உறுப்புகளுக்குத் தமிழ்ப்பெயர்; அதனருகே பட்டறையில் வழங்கும் பெயர்; கீழே பழுது தேடும் முறை நான்கு வரி. எழுதுவோர் முதலில் பட்டறையாளரிடம் சென்று கருவியைக் கழற்றிப் பார்த்துவிட்டு எழுதவேண்டும். குறடு, அரம், மரை, ஆணி, வார், முடுக்குதல் என அவர் வாயில் இன்றும் உயிரோடு வழங்கும் தமிழ்ச்சொற்களை அவரிடமிருந்தே கற்றுக்கொள்ள வேண்டும். அறிவு தடுமாறியவரை 'மரை கழன்றவர்' என்று ஊரே சொல்கின்றதே. அச்சொல்லைத் தந்தது புலவர் அவையன்று, பட்டறைத் தமிழ். தொழிலாளர் தமிழை இழக்கவில்லை. புதிய கருவிகளுக்குத் தமிழ்ப்பெயர் அவரிடம் கொண்டுசெல்லப்படவில்லை. குறை அவரதன்று, கற்றோரது.

அடுத்த பிசானத்துக்குக் கதிரடிக்கும் எந்திரம் களத்தில் இறங்குமுன், வடகரைப் பட்டறை ஒன்றில் உழவர் ஒருவர் வந்து, "சுழல்வடத்தில் மசகு வற்றிச் சுழல்மானி நடுங்குகிறது" என்று சொல்லும் நிலை வரவேண்டும். அன்று அவருக்குப் புதிய கருவி விற்று ஏமாற்ற எவராலும் இயலாது. தன் மொழியில் பழுதைச் சொல்லத் தெரிந்தவனைப் பிறர் சுரண்டுதல் அரிது. சொல்லத் தெரியாதவனுக்கு விலை சொல்பவர் எப்போதும் பிறரே.

தமிழ் பட்டறைக்குள் செல்க! தமிழர் தொழில் வெல்க!